தாத்தாவின் தாத்தா எந்த ஊர்? சேலம், சேர்வராயன் மலைக் குடும்பங்களுக்கு வம்சம் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் ஒரு கோவெண்டர் (கவுண்டர் என்பது தென்னாப்பிரிக்காவில் இப்படி மாறிவிட்டது), ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒரு கவுண்டர், ஓமலூர்ப் பக்கம் ஒரு கவுண்டர். மூன்று பேரும் ஒரே வம்சமா? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. சேலம் சீமையில் கொங்கு வேளாளரும் கவுண்டர்தான், வன்னியரும் கவுண்டர்தான், வேட்டுவரும், குறும்பரும், சேர்வராயன் மலைப் பழங்குடிகளான மலையாளிகளும் கவுண்டர்தான். கப்பலேறும்போது குமாஸ்தா எழுதிக்கொண்ட ஒரு பட்டம், அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் ஒத்துப்போகிறது என்று உடனே சொந்தம் கொண்டாடிவிட்டு, பிறகு மனம் நொந்த குடும்பங்கள் உண்டு.

வம்சத்தைக் கட்டிப்போட்டிருப்பது ஊரும் குலதெய்வமும் நிலமும்தான். இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் மற்ற இரண்டையும் தேடிப் பிடித்துவிடலாம். பட்டப்பெயரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வரிசை இந்த எண்ணத்தில் அமைந்ததுதான். உள்ளூரிலேயே இருப்பவர்கள், கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள், ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் ஆகிய மூவருக்கும் முதல் இரண்டு படிகள் பொது. அதற்குப் பிறகு அவரவர் வழி பிரியும்.

முதல் படி: வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் உட்காருங்கள். ஆண்கள் நிலம், வழக்கு, பட்டம் பற்றிச் சொல்வார்கள். யார் யாருக்கு எந்த முறை, எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். “நம்ம பூர்வீகம் எது?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். அதைவிட, “அம்மாயி, நீங்க கல்யாணம் ஆகி வந்தப்போ இந்த வீட்ல யாரெல்லாம் இருந்தாங்க?” என்று கேளுங்கள். மாமியார், மாமியாரின் மாமியார், பக்கத்து வீட்டுப் பங்காளி, திண்ணையில் கிடந்த குருட்டுத் தாத்தா என்று ஒரு வீடே எழுந்து வரும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியவை: குலதெய்வம் எது, கோயில் எந்த ஊரில், அங்கே நம்மோடு சேர்ந்து தலைக்கட்டு வரி கொடுப்பவர்கள் யார், முதல் மொட்டை எங்கே போட்டார்கள், காது குத்து எங்கே நடந்தது. கொங்குப் பகுதியென்றால் எந்தக் கூட்டம் என்று கேளுங்கள். காடை, ஆந்தை, தூரன், செங்கண்ணன் என்று பதில் வரும். ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். ஆகவே கூட்டம் என்பது தந்தைவழியைக் காட்டும் நல்ல அடையாளம். சேலம் நகரத்து நெசவாளர் குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் தேவாங்கர், பத்மசாலியர் குடும்பங்களில் இன்டிப்பேர் உண்டு. சௌராஷ்டிரர்களுக்கும் வீட்டுப் பெயர் உண்டு. இந்தப் பெயர்கள் அன்றாடம் எங்கும் எழுதப்படுவதில்லை. ஆனால் கல்யாணம் பேசும்போது தவறாமல் வெளியே வரும். கவுண்டர், செட்டியார், பிள்ளை, முதலியார் போன்ற பட்டங்களைவிட இவற்றை நூறு மடங்கு நம்பலாம்.

அடுத்து, மொய் நோட்டு. இதை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. பரணில் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள். 1940-களின் மொய் நோட்டு ஒன்று கையில் கிடைத்தால் அது உங்கள் சொந்தக்காரர்களின் முழுப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. தாய்மாமன் மொய் தனியாக இருக்கும். ஒரே ஊரிலிருந்து ஆறேழு பெயர்கள் வரிசையாக வந்தால் அது பெரும்பாலும் பாட்டி பிறந்த ஊர். கருமாதிப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடச் சான்று, பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் வழக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். நூறு வருடத்துக்குள் ஒரே பெயரில் மூன்று பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் வாங்கிய நிலத்தையும் அவருடைய பேரன் விற்ற நிலத்தையும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிட்டால், இடையில் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும். ஆகவே வெறும் பெயராக எதையும் எழுதாதீர்கள். பெயர், அப்பா பெயர், ஊர், அந்தத் தகவல் எந்த வருடத்தில் வருகிறது ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு ஆள்.

வயதானவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். “தாது வருஷப் பஞ்சத்துல வந்த குடும்பம்” என்றால் 1876-78 பஞ்சம். சேலம் ஜில்லாவை அந்தப் பஞ்சம் எப்படி உலுக்கியது என்பதற்குக் குடிமதிப்புக் கணக்கே சாட்சி: 1871-இல் ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் 16 இலட்சமாகக் குறைந்தது. இறந்தவர்கள் போக, ஊரைவிட்டுக் கிளம்பியவர்களும் ஏராளம். உங்கள் குடும்பக் கதையில் ஒரு திடீர் இடப்பெயர்ச்சி இருந்தால் முதலில் இந்த வருடங்களைச் சந்தேகப்படுங்கள். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 1876-77 தாது வருஷம், 1936-37-உம் தாது வருஷம். பாட்டி எந்தத் தாதுவைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அந்தக் காலத்து ஜில்லா எல்லையை மனத்தில் வாங்குங்கள்

இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். திப்பு சுல்தானோடு 1792-இல் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். பிறகு அமைந்த சேலம் ஜில்லாவுக்குள் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். திருப்பத்தூரும் அதில்தான் இருந்தது. நாமக்கல் தாலுகா 1910-இல் திருச்சிக்குப் போய் 1929-இல் திரும்பி வந்தது. திருப்பத்தூர் 1911-இல் வட ஆற்காட்டுக்குப் போனது. தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும் தனி மாவட்டங்களாயின.

இதனால் என்ன? “சேலம் ஜில்லா” என்று ஒரு பழைய தாளில் இருந்தால் அந்த ஊர் ஓசூர்ப் பக்கமாகவும் இருக்கலாம், பரமத்திப் பக்கமாகவும் இருக்கலாம். 1920-இல் நாமக்கல் ஊர் ஒன்றைப் பற்றிய கோப்பைத் தேடுகிறவர் திருச்சி ஜில்லாப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலும் சிரமம் கொடுக்கும். சங்ககிரி ‘சங்கரிதுர்க்’ ஆகியிருக்கும், ஓசூர் ‘ஊசூர்’ ஆகியிருக்கும். எழுத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஊர் பிடிபட்டுவிடும்.

இன்றைக்கு இல்லாத ஊர்களும் உண்டு. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தபோது காவேரிக் கரைக் கிராமங்கள் பல நீருக்குள் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரங்களும் வெளியே தெரியும். உங்கள் பூர்வீக ஊர் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடைக்காவிட்டால், அணை கட்டியபோது நிலம் எடுத்த கோப்புகளில் தேடுங்கள். நஷ்ட ஈடு கொடுத்த இடத்தில் பெயர் இல்லாமல் இருக்காது.

ஊரைப் புரிந்துகொள்ள இரண்டு பழைய அரசு நூல்கள் பெரிதும் உதவும். லெ ஃபனு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர் 1918-இல் வந்தது. உங்கள் குடும்பப் பெயர் அவற்றில் இருக்காது. ஆனால் உங்கள் ஊர் மிட்டாவா (மிட்டாதார் வழியாகத் தீர்வை கட்டியது), ரயத்துவாரியா (குடியானவர் நேராகச் சர்க்காருக்குக் கட்டியது), யார் கையில் இருந்தது என்பதெல்லாம் கிடைக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இங்கிலாந்தில் செய்வதுபோல இங்கே குடிமதிப்புப் பட்டியலில் வீடு வீடாகப் பெயர் தேட முடியாது. நம்மிடம் எண்ணிக்கை அச்சானது. பெயர் எழுதிய தாள்கள் வைக்கப்படவில்லை. அந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மூன்றாம் படி: பழைய பத்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நிலம் வைத்திருந்த குடும்பத்துக்குப் பத்திரத்தைவிடச் சிறந்த வம்ச ஆவணம் கிடையாது. 1860-களில் பதிவுச் சட்டம் வந்தபிறகு சார்பதிவாளர் அலுவலகங்களில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் புத்தகத்தில் ஏறத் தொடங்கின. இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையவைதான் வரும். அதற்கு முந்தையதற்கு நேரில் போய் மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, கையெழுத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். சர்வே எண்ணும் ஊர்ப் பெயரும் உத்தேச வருடமும் இல்லாமல் போகாதீர்கள்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்று இப்படித் தொடங்கும்: “சேலம் ஜில்லா, ஓமலூர் தாலூகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் விவசாயம் இன்னாருக்கு, மேற்படியூரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்.” இந்த ஒரே வரியில் இரண்டு குடும்பத்தின் இரண்டு தலைமுறை வந்துவிட்டது. அடுத்து, சொத்து எப்படி வந்தது என்று பாருங்கள். “நமக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு” என்றிருந்தால் அப்பன் பாட்டன் வழிச் சொத்து. அப்படியானால் அதற்கு முந்தைய பாகப்பிரிவினை ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடுங்கள். “சுயார்ஜிதம்” என்றிருந்தால் அவர் வாங்கியது. எந்த வருடம் யாரிடம் வாங்கினார் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.

பலர் தாண்டிப் போய்விடும் இடம் செக்குபந்தி. “இன்னார் காட்டுக்கு வடக்கு, வண்டித்தடத்துக்குக் கிழக்கு, இன்னார் பாகத்துக்குத் தெற்கு” என்று நாலெல்லை சொல்லும் பகுதி அது. இன்னார் காட்டுக்கு வடக்கு என்றால், நம் நிலம் வடக்கே, அவருடையது தெற்கே. அந்த எல்லைக்காரர்கள் யார்? ஒரு பெரிய நிலத்தை அண்ணன் தம்பிகள் பங்கு போட்டால் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். ஆகவே எல்லைக்காரர்களில் பாதிப் பேர் பங்காளிகள். வெள்ளைத் தாளில் நிலத்தைப் படமாகப் போட்டு, நாலு பக்கமும் பெயர்களை எழுதி, அடுத்தடுத்த பத்திரங்களை அதோடு ஒட்டிக்கொண்டே போங்கள். கிணற்றில் பாத்தியம் எத்தனை பாகம் என்பதையும் கவனியுங்கள். கிணற்றில் ஆறில் ஒரு பங்கு என்றால், வாரிசு வழியில் அந்தப் பங்கு எப்படி உடைந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். முதலில் மூன்று அண்ணன் தம்பிகள், பிறகு ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்பதுபோல. கிணறு பிரிக்க முடியாத சொத்து என்பதால் அதன் பங்குக் கணக்கு நாலைந்து தலைமுறைக்குக்கூட அப்படியே வரும். குடும்ப வரலாறு தேடுவதில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இந்தக் கிணற்றுப் பங்குதான்.

கடைசியில் சாட்சிகள், பத்திரம் எழுதினவர். சாட்சிக் கையெழுத்தில் மச்சான், மாமன் வருவார்கள். அவர்களுடைய ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைத்தவர் யார், கையெழுத்துப் போட்டவர் யார் என்பதும் ஒரு தகவல்தான். விதவைகளின் பெயர் பத்திரத்தில் வந்தால் விடாதீர்கள். “காலஞ்சென்ற இன்னார் பாரியாள்” என்று வரும் அந்த வரியில்தான் பல பாட்டிகளின் பெயர் எழுத்தில் முதல்முறையாக வருகிறது.

நான்காம் படி: வருவாய்க் கணக்குகள்

ரயத்துவாரி கிராமம் என்றால் 1870-கள் தொட்டு வந்த செட்டில்மென்ட் பதிவேடுகளும் அதற்குப் பிந்தைய ரீசர்வே பதிவேடுகளும் இருக்கும். இன்றைய பட்டா எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்: இப்போதைய அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), அதற்கு முந்தைய சர்வே எண், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் எண் என்று ஒவ்வொரு பதிவேட்டிலும் பழைய எண் ஒரு பத்தியில் கொடுத்திருக்கும். தாலுகா அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலக ஆவண அறையிலும் கேட்கலாம். கிடைக்காதது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். பாராமகால் பதிவுகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், இனாம் பதிவேடுகள் எல்லாம் அங்கேதான். போகும் முன் அனுமதி விண்ணப்பமும் அடையாளச் சான்றும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1800-களின் தொடக்கத்தில் இங்கே பல கிராமங்களை மிட்டாக்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள். மிட்டா கிராமத்தில் குடியானவர் மிட்டாதாருக்குத்தான் தீர்வை கட்டினார். சர்க்கார் கணக்கில் அவர் பெயர் ஏறவில்லை. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் குடும்பங்களின் பெயர் அரசாங்கப் பதிவேட்டுக்கு வருகிறது. “எங்க பேரே எந்தக் கணக்கிலும் இல்ல” என்று மனம் தளர்பவர்கள் பெரும்பாலும் மிட்டா கிராமத்துக்காரர்கள். அவர்கள் மிட்டாதார் குடும்பத்தின் பழைய தீர்வை ரசீதுகள், பட்டா முச்சலிக்கைகள் (குத்தகை ஒப்பந்தத் தாள்கள்), கோர்ட்டு வழக்குகள் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

கணக்குப்பிள்ளை, மணியகாரர், தலையாரி, வெட்டியான் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வேறொரு வழி உண்டு. இந்தப் பதவிகள் பரம்பரையாக வந்தவை. இவற்றுக்கென்று 1895-இல் தனிச் சட்டமே இருந்தது. மணியகாரர், கணக்குப்பிள்ளை பதவிகள் 1980-இல்தான் தமிழ்நாட்டில் ஒழிந்தன. ஒருவர் இறந்து அடுத்தவர் பதவிக்கு வரும்போது யார் நெருங்கிய வாரிசு என்ற தகராறு வரும். அந்தக் கோப்பில் வம்சாவளிப் படமே போட்டிருப்பார்கள். ஊழிய மானியம் வைத்திருந்த எளிய குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நிலமே இல்லாதவர்களுக்கு வரலாறும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பிறப்பு இறப்புப் பதிவு 1899-ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்துக்குப் பிறகு ஓரளவு ஒழுங்காக நடந்தது. குழந்தையின் பெயர் பலவற்றில் இருக்காது, “ஆண்” அல்லது “பெண்” என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: மலைக்கு மேலே

சேர்வராயன் மலையில் மூன்று வகைக் குடும்பங்கள் உண்டு. மூன்றுக்கும் தேடும் வழி வேறு.

மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் பெரியண்ணன் இந்த மலைக்கு வந்தார் என்பது கதை. கதையைக் கதையாகவே எழுதிவைத்துக்கொண்டு, நாட்டைக் கேளுங்கள். சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு என்று இந்த மலை மூன்று நாடு. உங்கள் ஊர் எந்த நாட்டில், பட்டக்காரர் யார் வீடு, ஊர்க்கவுண்டர் யார் வீடு என்று தெரிந்தால் அதன் கீழ் குடும்பங்களை வரிசைப்படுத்தலாம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் மக்கள் வருவார்கள். மூத்தவர்களை ஒரே இடத்தில் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எழுத்தில் இல்லாத வரலாறு என்பதால் அவர்கள் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இரண்டாவது, தோட்டக்காரர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார்; கிரேஞ்ச் எஸ்டேட் அவருடைய பெயரோடு சேர்ந்தே பேசப்படும். பின்னாலேயே துரைமார்கள், பாதிரிமார்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் வந்தார்கள். இவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பிரதிகள் மதராஸிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் உள்ளன. ஃபைண்ட் மை பாஸ்ட் தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தரவுத்தளத்திலும் ஃபேமிலி சர்ச் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். கல்லறை வாசகங்களுக்கு ஜே.ஜே. காட்டன் 1905-இல் வெளியிட்ட மதராஸ் மாகாணக் கல்லறைத் தொகுப்பு இருக்கிறது. சிதைந்துபோன கல்லின் வாசகம்கூட அதில் கிடைக்கலாம்.

ஏற்காடு ஹோலி டிரினிட்டி கோயில் கல்லறைத் தோட்டத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறை உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான்; 1912-இல் காலமானார். ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த பீட்டர் பெர்சிவல் 1882-இல் இறந்ததும் ஏற்காட்டில்தான். பெர்சிவலின் மகள் ஃபூட்டின் மனைவி. பெயர் இரண்டு, குடும்பம் ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் தேடியிருந்தால் இந்த உறவு கண்ணில் படாது. ஆகவே மலைக் குடும்பங்களில் திருமணப் பதிவைத்தான் முதலில் பாருங்கள். பெண்ணின் தகப்பன் பெயரும் சாட்சிகளும்தான் முக்கியம்.

தோட்டத்தில் துரைக்கும் இங்குள்ள பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழிவந்தவர்களும் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் ஒற்றைப் பெயராக மட்டும் இருக்கும், அல்லது தகப்பன் இடம் காலியாக இருக்கும். ஞானப் பெற்றோர் யார், எந்த எஸ்டேட் முகவரி, உயிலில் யாருக்கு என்ன எழுதினார் என்று சுற்றிவளைத்துத்தான் வர வேண்டும். அந்தத் தாயின் பெயரை உங்கள் வம்சப் படத்தில் தகப்பன் பெயருக்குச் சமமாக எழுதுங்கள். அவள் ஊர் தெரியாவிட்டாலும் அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

மூன்றாவது, தோட்டத்தில் வேலை பார்க்கக் கீழிருந்து ஏறி வந்தவர்கள். ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணி எந்த ஊரோ, பெரும்பாலும் ஆட்களும் அந்த ஊர். எஸ்டேட் செக்ரோல் (வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேடு), வருங்கால வைப்புநிதிப் பதிவு, தோட்டப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்கள்: லண்டன் மிஷன் 1827-இல் சேலத்துக்கு வந்தது, அதன் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. உள்ளூர்ப் பதிவேடுகளுக்கு அந்தந்த சி.எஸ்.ஐ. சபையைக் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் உருவானது. அதற்கு முன் இந்தப் பகுதி புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களின் கீழ் பிரிந்து கிடந்தது. பழைய பங்கு எதுவென்று தெரிந்துகொண்டு அங்கே எழுதுங்கள். மதம் மாறியபோது பாதிரியாரின் பெயரையோ புனிதரின் பெயரையோ வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய. அந்தப் பெயர் இரத்த உறவைக் காட்டாது.

ஆறாம் படி: கடல் கடந்தவர்களைத் தேடுதல்

இங்கேதான் ஆவணம் செழிப்பாக இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பல் ட்ரூரோ மதராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், உயரம், உடல் அடையாளம். “இடது கன்னத்தில் மரு”, “வலது முழங்காலில் தழும்பு” என்று எழுதியிருக்கும். போட்டோ இல்லாத கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே உடல் வர்ணனை அந்த வரிதான். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களை வைத்திருக்கிறது.

தேடும் முறை இது. முதலில் தென்னாப்பிரிக்காவில் உள்ள இறப்புச் சான்று, திருமணச் சான்று ஆகியவற்றில் காலனி எண்ணைப் பிடியுங்கள். எண் இருந்தால் பெயரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. எண் கிடைக்காதபோது மட்டும் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் வருபவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி பிள்ளைகளும் ஒரே ஊர்க்காரர்களும் சேர்ந்தே நின்றிருப்பார்கள். பட்டியலில் உள்ள ஜாதிப் பத்தியை வேதவாக்காக எடுக்காதீர்கள். அது குமாஸ்தா கேட்டதும் புரிந்துகொண்டதும் கலந்தது. சிலர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள், அதற்கு அவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது.

மொரீஷியஸ் குடும்பங்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். 1860-களுக்குப் பிறகு வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் கிடைக்கும். அங்கே தகப்பன் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயரானது என்பதால் அண்ணன் தம்பிகளுக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கலாம். ஃபிஜிக்கு மதராஸ் வழியாகப் போனது 1903-1916. குடியேற்றச் சீட்டில் கிராமமும் நெருங்கிய உறவினர் பெயரும் இருக்கும்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இப்படிப் பெயர்ப் பட்டியல் கிடைப்பது அரிது. கங்காணி முறையில், பிறகு மண்டபம் முகாம் வழியாக, தகரத் துண்டு கழுத்தில் கட்டிப் போனார்கள். ஆனால் இரண்டு பிற்கால ஆவணங்கள் பெரிய உதவி: 1949-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பம், 1964 ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையும் கடவுச்சீட்டுக் கோப்பும். பூர்வீக ஊரும் தாலுகாவும் அவற்றில் எழுதியிருப்பார்கள்.

கிராமப் பெயர் கிடைத்ததும் உடனே அந்த ஊருக்குக் கிளம்பாதீர்கள். அந்தப் பெயரில் சேலம் சீமையில் மூன்று ஊர் இருக்கலாம். தாணாப் பத்தியோடு பொருத்தி, சுற்றுவட்ட ஊர்ப் பெயர்களையும் பாட்டி சொன்ன குலதெய்வத்தையும் வைத்து ஒன்றாகக் குறையுங்கள். போனதும் கோயில் பூசாரியையும் ஊரின் மூத்தவர்களையும் பாருங்கள். நிலத்தில் பங்கு கேட்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பயம் நீங்கினால் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பேசுவார்கள்.

ஏழாம் படி: ஒரே பெயர் வந்தால் சொந்தமா என்று சோதிப்பது

பெயர் ஒத்த இன்னொரு குடும்பம் கண்ணில் பட்டால் இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். குலதெய்வக் கோயில் ஒன்றா? கூட்டம் அல்லது வீட்டுப் பெயர் ஒன்றா? இரண்டு குடும்பத்துக்கும் இடையில் எப்போதாவது கல்யாணம் நடந்திருக்கிறதா? கடைசிக் கேள்விதான் கூர்மையானது. கல்யாணம் நடந்திருந்தால் நீங்கள் பங்காளி இல்லை, சம்பந்திமுறை. நடக்கவே கூடாது என்று இரு பக்கப் பெரியவர்களும் சொன்னால் பங்காளியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு, இரண்டு பேரின் பத்திரங்களிலும் ஒரே முன்னோர் பெயர் தகப்பன் பெயரோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் உறுதி.

மரபணுச் சோதனை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். அதனால் தூரத்துச் சொந்தம்கூட மிக நெருங்கிய சொந்தம்போல முடிவில் தெரியும். சோதனைத் தாள் “மூன்றாம் நிலை உறவு” என்றால் அதை ஐந்தாறு தலைமுறைக்குத் தள்ளிப் பார்ப்பதே பாதுகாப்பு. காகிதத்தில் உள்ளதைச் சரிபார்க்கத் துணையாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: எழுதிவைப்பது

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள். மேலே பெயர், தகப்பன், தாய், ஊர். கீழே ஒவ்வொரு தகவலுக்கும் எங்கே கிடைத்தது: ஆவண எண், வருடம், அல்லது எந்தப் பாட்டி எந்த நாளில் சொன்னது. வாய்மொழியை ஒரு நிற மையிலும் காகிதத்தில் பார்த்ததை வேறு நிறத்திலும் எழுதினால் பிற்பாடு குழப்பம் வராது. பெண்களைக் கல்யாணத்தோடு நிறுத்திவிடாமல், கொடுத்த ஊரையும் அவர்கள் பிள்ளைகளையும் தொடர்ந்து எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, நிலக் கணக்கு எதையும் இணையத்தில் போட வேண்டாம். தத்து, இரண்டாம் தாரம், மதமாற்றம் போன்றவற்றைக் குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

படம் ஓரளவு தேறியதும் பெரிய தாளில் அச்சடித்து, குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் நாளுக்கு எடுத்துப் போங்கள். பல கோயில்களில் அது சிவராத்திரி, சிலவற்றில் ஆடி மாதம். பென்சில்கள் சிலவற்றைச் சேர்த்தே கொண்டுபோங்கள். யார் வேண்டுமானாலும் திருத்தட்டும். திருத்தியவர் பெயரை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு திருத்தத்தையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, புதிய பிரதி ஒன்றைக் கோயில் தர்மகர்த்தாவிடமும், ஒன்றை வெளிநாட்டுப் பங்காளி யாராவது கிடைத்திருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.